முட்டிக் காயமும் கைக்குழந்தையும்

முட்டியில் அடிபட்டவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை, "காலை ஆட்டாமல் படு" என்பதுதான். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஈப்போவின் புந்தோங்கில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளையும் கையில் நான்கு வயதுப் பிள்ளையுமாக நாளை ஓட்டும் தாய்க்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? அவரால் படுக்க முடியாது. படுக்கவில்லையே, கால் கெட்டுப்போகுமோ என்ற பயம் மட்டும் கூடவே வரும். அப்படியே படுக்க முடிந்தாலும், வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பது பெரும்பாலான முட்டிக் காயங்களுக்கு நல்லதல்ல. இதைப் பொறுமையாக விளக்கவே இந்தத் தலையங்கம்.

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே மெனிஸ்கஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் பிறை வடிவத் தட்டுகள் இரண்டு இருக்கின்றன. உடம்பின் பாரத்தைப் பரப்பி வாங்குவது அவற்றின் வேலை. மூட்டின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிலுவைத் தசைநார்கள் எலும்புகளை இடம் மாறாமல் பிடித்திருக்கின்றன. முன்னால் சில்லு. அந்தச் சில்லை மேலிருந்து இழுத்துப் பிடித்து, ஒவ்வோர் அடியிலும் முட்டி மடங்கி விழாமல் காப்பது தொடையின் முன்பக்கத் தசை.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது பஞ்சைப் போல நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அசைவு நின்றால் இந்தப் போக்குவரத்தும் மந்தமாகிவிடும். அதோடு, முட்டி வீங்கும்போது தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே தானாகக் குறைத்துவிடுகிறது. சிறிய வீக்கம் கூட இதைச் செய்யும். அதனால்தான் அடிபட்ட காலின் தொடை சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது. அசையாமல் படுத்தால் மெலிவு இன்னும் கூடும். தசை மெலிந்தால் முட்டி தாங்காது, தாங்காவிட்டால் வலிக்கும், வலித்தால் மறுபடியும் படுக்கத் தோன்றும்.

ஓய்வே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் பாரத்தைக் குறைப்பதும், காலை உயர்த்தி வைப்பதும், துணி சுற்றிய ஐஸ் வைப்பதும் வலியைத் தணிக்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக்கி 1978-இல் தம் நூலில் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், நெடுநாள் ஓய்வும் விடாத ஐஸும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். இன்றைய பிசியோதெரபியின் போக்கும் இதுதான்: முதல் சில நாள் காப்பு, பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குப் படிப்படியாகப் பாரம்.

ஆனால் எல்லா முட்டிக் காயமும் ஒன்றல்ல. இதில் தவறு நேர்ந்தால் விலை அதிகம் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்ட நொடியில் உள்ளே 'பட்' என்று உடைவது போல உணர்ந்து, சில மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால், அது சிலுவைத் தசைநார் அறுந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். ஃபுட்சால் ஆடும் இளம் அப்பாக்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு நடுவில் சிக்கியிருக்கக்கூடும். இந்த இரண்டுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு முறிவைச் சந்தேகிக்க 1990-களில் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகள் இன்றும் பயன்படுகின்றன. அடிபட்ட பிறகு நான்கு அடி கூட எடுத்துவைக்க முடியவில்லை, முட்டியை 90 பாகை மடக்க முடியவில்லை, சில்லை மட்டும் தொட்டாலே வலிக்கிறது, முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே இருக்கும் எலும்பு முனையைத் தொட்டால் வலிக்கிறது, வயது 55 அல்லது அதற்கு மேல் என்ற இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருக்கும் தாய்மார்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகலாம். பல கிளினிக்குகளில் பிசியோதெரபிப் பிரிவே இருக்கிறது. காத்திருப்பு நீளலாம். ஆனால் முட்டிக்கான பயிற்சியை ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் வீட்டில் செய்யக்கூடியதுதான். எந்தச் சாதனமும் வாங்க வேண்டியதில்லை.

"ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும்" என்ற அச்சத்துக்கும் விளக்கம் தேவை. சுவீடனில் சிலுவைத் தசைநார் அறுந்த 121 இளையவர்களை இரண்டு பிரிவாக்கி ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சையும் பயிற்சியும் தரப்பட்டன. மறு பிரிவு பயிற்சியோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவைக்குப் போனது. 2010-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டு கழித்து இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை அறுவையே செய்துகொள்ளவில்லை. தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்தவர்களை 2013-இல் ஃபின்லாந்தில் ஆய்ந்தபோது, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்ததும், வெட்டாமல் அறுவை போலச் செய்துவிட்டு அனுப்பியதும் ஒரே பலனைத்தான் தந்தன. அறுவையே தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. பூட்டிக்கொள்ளும் முட்டிக்கும், பிள்ளையைத் தூக்கித் திரும்பும்போதெல்லாம் நழுவும் முட்டிக்கும் அது தேவைப்படலாம். ஆனால் அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் தொடைத் தசையைப் பலப்படுத்தாமல் தப்ப முடியாது.

இனி வீட்டுக்குள் வருவோம். ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது பத்துக் கிலோ. மூன்று வயதுப் பிள்ளை பதின்மூன்று பதினான்கு கிலோ. ஒரு தாய் ஒரு நாளில் அந்த எடையைத் தரையிலிருந்து எத்தனை முறை தூக்குகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. முட்டிக்கு மிகவும் கடினமானவை மூன்று: ஆழமாகக் குந்துவது, படியிறங்குவது, பாதத்தை ஊன்றியபடி உடம்பை மட்டும் திருப்புவது. சமதரையில் நடப்பதைவிடக் குந்தும்போது சில்லின் பின்புறம் தாங்கும் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. பிள்ளை வளர்ப்பில் இந்த மூன்றும்தான் காலை முதல் இரவு வரை வருகின்றன. ஆகவே வேலையை நிறுத்துவதை விட, வேலை நடக்கும் உயரத்தை மாற்றுவதே முதல் சிகிச்சை.

பெம்பர்ஸ் மாற்றுவதைத் தரைப் பாயிலிருந்து கட்டிலுக்கோ மேசைக்கோ கொண்டுவாருங்கள், ஆனால் பிள்ளையின் மேல் எப்போதும் ஒரு கை இருக்கட்டும். குளிப்பாட்டும்போது குந்தாதீர்கள், நல்ல உயரமான ஸ்டூலில் உட்காருங்கள். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டால், நீங்கள் குனிவதை விட நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் ஏறவிட்டு, மார்போடு அணைத்தபடி எழுவது முட்டிக்கு எவ்வளவோ மேல். தரையிலிருந்து தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், எந்தக் காலில் மண்டியிட்டால் வலி குறைவு என்று பார்த்து அந்த முட்டியின் கீழ் ஒரு தலையணை போடுங்கள். பிள்ளையை ஒட்டி இழுத்து, மேசையைப் பிடித்து எழுங்கள். தூக்கிய பிறகு திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல், சிறு சிறு அடி வைத்து மொத்த உடம்பையும் திருப்புங்கள். பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்கும் பழக்கமும் மாற வேண்டும்.

படிகளுக்கு ஒரு பழைய விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே. ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் சாமான், இடுப்பில் பிள்ளை என்று மூன்று மாடி இறங்குவது நல்ல முட்டிக்கே ஆபத்து. பிள்ளைக்கு ஒரு நடை, சாமானுக்கு ஒரு நடை என்றால் படி இரட்டிப்பாகும். அதனால் சாமானைக் கணவரோ பக்கத்து வீட்டுத் தம்பியோ தூக்கட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பயிற்சியை நாளுக்குள்ளேயே நுழைத்துவிடலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டை அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள், விடுங்கள், மறுபடியும் பிடியுங்கள். இதற்கு எழவே தேவையில்லை. சோறு வேகும்போது அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். மாலையில் பிள்ளை நாற்காலியைச் சுற்றி விளையாடும்போது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். நாற்காலி தாழ்வாக இருந்து வலித்தால் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். வாரம் போகப் போகத் தலையணையை எடுத்துவிடலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் விளையாட்டு, அவனே எண்ணுவான்.

எவ்வளவு வலியைத் தாங்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். பிசியோதெரபிஸ்டுகள் தரும் அளவுகோல் எளியது. வலியைப் பத்துக்கு மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது அது நான்கு ஐந்துக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு சரி. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் முதல் நாள் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்திவிட வேண்டாம்.

இங்கே பாட்டிமார் ஒரு கேள்வி கேட்பார்கள். "நாங்கள் எல்லாம் பிள்ளை பெற்ற கையோடு பால்மரம் வெட்டவில்லையா? எங்களுக்கு யார் பயிற்சி சொல்லிக்கொடுத்தது?" நியாயமான கேள்வி. சுங்கை சிப்புட், செமோர், தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்து வந்த பெண்கள் அவர்கள். வெட்டு கீழே இறங்க இறங்க ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்தவர்கள். அவர்களின் முட்டிகள் தேயவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்று கோயில் மண்டபத்தில் நாற்காலி கேட்டு உட்காருபவர்களில் பலர் அவர்கள்தான். அந்த உழைப்பைப் போற்றுவோம், ஆனால் அது காயத்துக்கு வைத்தியமாகாது.

ஆனால் அவர்களுக்கு இருந்த ஒன்று இன்றைய தாய்க்கு இல்லை. அது ஆயாக்கொட்டகை. விடிகாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் தாய் வெட்டுக்காட்டுக்குப் போனாள். அதை நாம் அழகுபடுத்திச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஆயா பல பிள்ளைகளைப் பார்த்தார், சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கின, கவனிப்பு போதவில்லை. தாயின் உழைப்பு தோட்டத்துக்கு வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கொட்டகையே இருந்தது. இருந்தும், பிள்ளை வளர்ப்பது ஒரு பெண்ணின் இரண்டு கைகளால் மட்டும் முடியாது என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது. லயத்துக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டு அக்காவும் எதிர் வீட்டு அத்தையும் இருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் வேலையையும் வாழ்விடத்தையும் காக்க, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் ரப்பர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. அப்போது நாம் வீட்டைப் பற்றிப் பேசினோம், இழப்பீட்டைப் பற்றிப் பேசினோம். ஆயாக்கொட்டகையை இழந்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. கதவைச் சாத்திய அடுக்குமாடி வீட்டில், வலிக்கும் முட்டியோடு தனியாகப் பிள்ளை பார்க்கும் பெண் அந்த இழப்பைச் சுமக்கிறார். பதிவு பெற்ற தாஸ்காக்கள், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையங்கள், இருக்கின்றன. ஆனால் ஒரே சம்பளத்தில் ஓடும் பல குடும்பங்களுக்கு அந்தக் கட்டணம் எட்டாது.

அப்பாவுக்கு ஃபுட்சாலில் முட்டி போனால் வீடே அவரைச் சுற்றி ஒழுங்காகிவிடுகிறது. சோபாவில் கால் நீட்டுகிறார், தேநீர் வருகிறது. அம்மாவுக்குக் குளியலறையில் வழுக்கி அதே காயம் ஏற்பட்டால், அன்று இரவே அவர்தான் பாத்திரம் கழுவுகிறார். இருவருக்கும் இருப்பது ஒரே எலும்பு, ஒரே தசைநார்.

இனி வெளியே நடப்பது பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. அந்த நிபந்தனை இப்போது இல்லை. பிள்ளையோடு நான்கு நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும். சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. முட்டி தேறிவரும்போது கிளேடாங் மலை வேண்டாம். ஏறுவது சரி என்று தோன்றும், இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். டி. ஆர். சீனிவாசகம் பூங்கா, போலோ திடல், குனோங் லாங் போன்ற சமதரை இடங்கள் போதும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினால் கைப்பிடியே உங்களுக்கும் ஊன்றுகோல். நீச்சல் தெரிந்தவர்களுக்குத் தண்ணீர் இன்னும் நல்லது. மார்பளவு தண்ணீரில் நடந்தாலும் உடம்பின் பாரம் பெரிதும் குறையும்.

எடையைப் பற்றியும் பழிக்காமல் பேச வேண்டும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது. எனவே இரண்டு கிலோ குறைத்தாலே முட்டிக்கு அது பெரிது. ஆனால் பாலூட்டும் தாய் பட்டினி கிடக்கக் கூடாது. இனிப்புத் தேநீரைக் குறைப்பது நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்கு "இரண்டே நாளில் குணம்" என்று பசாரிலும் இணையத்திலும் விற்கும் ஜாமு மாத்திரைகளையும் பொடிகளையும் வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது வலியை மறைக்கும். கூடவே சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும். பாலூட்டுபவர்கள் எந்த வலி மாத்திரையையும் மருந்தாளரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பயனுள்ள செய்தி. வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரிலிருந்து விழுந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியும். இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பர் 1 முதல் தனித் திட்டம் இருக்கிறது என்பது அவ்வளவு பரவவில்லை. 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்குச் சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி, நிரந்தர ஊனத்துக்கான உதவி ஆகியவை கிடைக்கும். விபத்துக்கு முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும். மாதக் கணக்கில் பத்து வெள்ளிதான்.

கணவர்களுக்கும், மாமியார்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும் நம் வேண்டுகோள் இது. முட்டி வலிக்கும் தாயிடம் இனி "ஓய்வெடு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தினமும் அரை மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பயிற்சியைச் செய்யட்டும், பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும். இந்த மாதமே அவர் பெயரில் அந்த 120 வெள்ளியைக் கட்டிவிடுங்கள்.